ஒருக்கா அண்ணாச்சியும் ஆனி மாதத்துப் பெண்ணும்

தென்காசியில் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர் உண்டு. குடித்துக் கெடுத்தவர்கள், சீட்டாடிக் கெடுத்தவர்கள், மச்சினனை நம்பிக் கெடுத்தவர்கள். ஆனால் கணக்குப் போட்டு, ஓரிடத்திலும் பிசகாமல், முறைப்படி கெடுத்துக்கொண்டவர் ஒருக்கா அண்ணாச்சி ஒருவர்தான். போகிற போக்கில் என்னையும் கெடுத்துவிட்டுப் போனார்.

எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். ரத வீதியில் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் அவர் வீடு. ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும்; நான் கூப்பிட்டால் மட்டும் அம்மா வாயைப் பொத்துவாள். முறைப்பையன், அவளுக்கு ஆசை. அவருக்குப் பம்பாயில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி. எழுபதுகளில் எங்கள் ஊரில் அதைப் பார்த்தவர் கிடையாது. அவர் என்ன சொன்னாரோ அதுதான் கம்ப்யூட்டர்.

ஒரு சாரல் காலத்தில் எல்லோரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தோம். "அப்படி என்னதான் ஆராய்ச்சி தம்பி?" என்று அப்பா கேட்டார். அவர் வெண்கலச் சொம்பை அருவிக்குள் நீட்டினார்.

"தகவல் இப்படித்தான் கொட்டுது மாமா. கம்ப்யூட்டருக்கு ஞாபகம் இந்தச் சொம்பளவுதான். எல்லாத்தையும் பிடிச்சு வைக்க முடியாது. விழும்போதே ஒருக்கா பாக்கணும். வேணுமா வேண்டாமான்னு அப்பமே முடிவு பண்ணணும். அதுக்கு வழி கண்டுபிடிக்கதுதான் என் வேல."

முடிப்பதற்குள் அருவி சொம்பைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

"ஏலே, அந்தா உருளுது பாரு, எடுலே!" என்று அவர் அம்மா கத்தினாள்.

"அது தாண்டிப் போயாச்சும்மா," என்று துவட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஆராய்ச்சியைப் பம்பாயிலேயே வைத்துவிட்டு வந்திருந்தால் தேவலை. யோசனையில் தன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டால் திரும்பி நடக்க மாட்டார். நாலு ரத வீதியையும் சுற்றி வந்துதான் வாசல் சேருவார். பெரிய பக்திமான் என்று கையெடுத்துக் கும்பிட்டவர்கள் உண்டு. பந்தியில் இலையில் ஒருக்கா வைத்ததோடு சரி. மறுபடி பரிமாற வந்தால் இலைமேல் கையை விரித்துவிடுவார். என் சித்தப்பா கல்யாணத்தில், இதைவிட நல்லது வரும் வரும் என்று அவியல், கூட்டு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, கடைசியில் ஒரு அப்பளத்தோடு எழுந்தார்.

இந்த மனுஷனுக்குப் பெண் பார்த்தார்கள். ஆனி, ஆடி, ஆவணி, மூன்று மாத லீவு. முதலில் எங்கள் வீடு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "வாசிச்சு ஒருத்தன் கெட்டது போதும்," என்று அவர் அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காபி கொண்டுபோய் வைத்தேன். அவர் என்னை ஒருக்கா பார்த்தார். நான் அவரைப் பல தடவை பார்த்துவிட்டேன்.

"பொண்ணு ரொம்ப நல்லா இருக்கா மாமா. ஆனா வேண்டாம்."

அப்பாவுக்குப் பஜ்ஜி தொண்டையிலேயே நின்றது.

"பொண்ணு பாக்கதும் அருவி மாதிரிதான். வேண்டாம்னு விட்டா வேற வீட்டுக்குப் போயிருவா. அதனால மொத மாசம் வாரவங்களை, ரதியே வந்தாலும், வேண்டாம்னுதான் சொல்லணும். அப்பத்தான் அளவு தெரியும். பொறவு அவங்க எல்லாரையும் விட ஒசத்தியா எவ மொதல்ல வாராளோ, அவளைக் கட்டணும்."

"இது சரியா வருமா தம்பி?"

"வராமப் போறதுதான் ஜாஸ்தி மாமா. ஆனா இதைவிட நல்ல வழி கிடையாது."

ஆனி முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பஜ்ஜி தின்றுவிட்டு, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி வந்தார். ஆடி பிறந்தது. ஆடியில் நம் பக்கத்தில் எவன் பெண்ணைக் காட்டுவான்?

"ஏலே, ஒன் கம்ப்யூட்டருக்கு ஆடி தெரியாதால?" என்று அவர் அம்மா தலையில் அடித்துக்கொண்டது தெருவுக்கே கேட்டது.

அந்த மாதம்தான் எனக்குப் புளியறையிலிருந்து ஒரு சம்பந்தம் வாய்வார்த்தையாக வந்தது. "ஆடி கழியட்டும். அந்தப் பய மனசு மாறி ஒரு வார்த்தை கேட்டான்னா அங்கனயே குடுத்துருவோம்," என்றார் அப்பா. அந்த மனுஷன் தினமும் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். நான் தினமும் ஜன்னலில் நின்றேன். கழுத்து ஒருக்கா திரும்பினால் போதும். அவர் கழுத்து என்ன கழுத்தோ, தேர் வடம்கூட அதைவிட நன்றாக வளையும்.

ஆவணியில் பார்த்த ஒருத்தியும் தேறவில்லை. ஆனியில் பார்த்த பெண்ணைவிட உசத்தி இல்லையாம். பண்பொழியில் பார்த்ததோடு வரிசை முடிந்தது. கடைசி ஆளை மறுக்கக் கூடாது என்பதும் கணக்காம். சரி என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் கெட்டிக்காரி. "என்னைய எதுக்காகப் பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள்.

"நீதான் கடைசி."

காபியைக் கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆவணி முடிவில் என் கல்யாணத்துக்கு வந்தார். "ஒனக்கு மேல ஒருத்தியும் வரல. கணக்கு சரிதான். அளவுதான் கூடிப் போச்சு," என்றார். என்னை முழக்கோலாக்கி ஊரை அளந்துவிட்டு, கோலைப் புளியறைப் பக்கம் வீசிவிட்டுப் பம்பாய்க்கு ரயிலேறினார்.

புளியறையில் என் வீட்டுக்காரருக்குச் செக்போஸ்ட் பக்கம் சாப்பாட்டுக் கடை. குழம்பில் உப்புக் கூடினால் சட்டி பறக்கும். குறைந்தால் நான் பறப்பேன். லாரிக்காரர்களுக்குப் பொங்கிப் போட்டே விரலெல்லாம் வெந்தது. இப்போது கம்ப்யூட்டர் படித்த என் பேத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே, "அந்தக் கணக்கு நெசந்தான் ஆச்சி," என்கிறாள். நிஜமாக இருக்கட்டும். அதில் வேண்டாம் என்று தள்ளிய பெண் என்ன ஆனாள் என்று ஒரு வரி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம்.

எண்பதுகளில் ஒரு ஆனி. கொல்லத்திலிருந்து வந்த பஸ் கடை வாசலில் நின்றது. நரைத்த தலையோடு அவர் இறங்கினார். இன்னும் தனி ஆள்தான். இலை போட்டேன்.

"பம்பாயிலேருந்து மெட்ராஸ் வழியா வந்தா நேரா ஊருக்குப் போயிரலாமே, எதுக்குக் கேரளா பூராவும் சுத்திட்டு வாரீய?"

"தாண்டிப் போனா சுத்தித்தானே வரணும்," என்றார், சோற்றைப் பார்த்துக்கொண்டே.

குழம்பு வாளியோடு மறுபடி அவர் முன்னால் போய் நின்றேன். இலைமேல் கையை விரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.