ஆள் வந்துகொண்டிருக்கிறார்

மனித குலத்தின் துக்கத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பது இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது. ஞானிகள் மரத்தடியிலும் மலைக்குகையிலும் உட்கார்ந்து பார்த்தார்கள், முதுகுவலிதான் மிச்சம். லிஃப்ட் பராமரிக்கும் ஒரு நிறுவனமோ, மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், மதியச் சாப்பாட்டின் ஏப்பம் அடங்குவதற்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டது. துக்கத்துக்குக் காரணம் ஆசையல்ல, வறுமையல்ல, மாமியாரும் அல்ல. டெஸ்டோஸ்டிரோன் குறைவு. அந்தச் சுரப்பு இறங்கினால் ஆண்பிள்ளை முகத்தைத் தொங்கப்போடுகிறான், ஏற்றிவிட்டால் நிமிர்ந்துவிடுகிறான். ஏற்றி இறக்குவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் என்பதால் விஷயம் சட்டென்று பிடிபட்டது.

இந்த மகத்தான கண்டுபிடிப்புக்கு முதல் காரணமாக அமைந்தவர் 'ஹலோ'. நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், மறுமுனையில் "ஹலோ" என்பது அவர் உத்தியோகம். அதனால் வாட்ச்மேன் முதல் பொது மேலாளர் வரை எல்லோருக்கும் அவர் ஹலோதான். அதற்கு அடுத்துச் சொல்லவேண்டிய வாக்கியத்தை நிறுவனமே இயற்றி, கண்ணாடிச் சட்டம் போட்டு, அவர் மேசைக்கு எதிரே மாட்டியிருந்தது: 'பதற்றம் வேண்டாம். ஆள் வந்துகொண்டிருக்கிறார்.'

அந்த ஆள் ஸ்பேனர். ஊர் முழுக்க அவர் ஒருவர்தான் மெக்கானிக். முன்பு ஐந்து பேர் இருந்தார்கள். 'நிறுவன உடல் இளைப்பு' என்ற திட்டத்தில் நான்கு பேர் கரைக்கப்பட்டார்கள். கொழுப்பு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

பல வருடங்களாக ஹலோ அந்த வாக்கியத்தைத் தேன் தடவித்தான் சொல்லிவந்தார். பெரும்பாலும் ஆள் வரத்தான் செய்தார்; கொஞ்சம் முன்னே பின்னே. ஒருநாள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்.

"நெஞ்சை அடைக்குது தம்பி. ஆள் வர்றாங்களா?"

"வந்துட்டே இருக்கார் ஐயா."

"பக்கத்துலதான் இருக்காரா?"

"வந்துட்டே இருக்கார் ஐயா."

ஸ்பேனர் அப்போது ஊரின் மறுகோடியில் வேறொரு லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்திருந்தார். அது ஹலோவுக்குத் தெரியும். ஆனால் சட்டத்துக்குள் எழுதியிருந்தது அதுவல்லவே. பெரியவர் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு பெரியவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் ஹலோ மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கம் போயிற்று. மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதை கேட்டால் பாதியிலேயே மறந்துபோனார். இவையெல்லாம் வீட்டு விவகாரம், நிறுவனம் தலையிடவில்லை. ஆனால் அவர் தொலைபேசியில் உண்மை பேசத் தொடங்கினார். இது பொறுக்கத் தக்கதா?

"ஹலோ, எங்ககிட்ட இருக்கறது ஒரே மெக்கானிக்குங்க. அவர் வர நேரமாகும். தீயணைப்புக்குச் சொல்லிட்டேன், அவங்க வருவாங்க. நீங்க கீழ உக்காந்துக்குங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மாட்டிக்கொண்டவர்கள் சீக்கிரமாக வெளியே வந்தார்கள். உயிரோடு வந்தார்கள். வந்ததும், "ஒரே மெக்கானிக்காமே?" என்று நிறுவனத்தைக் கேட்டார்கள். 'வாடிக்கையாளர் நம்பிக்கை' ஆட்டம் கண்டது. பொது மேலாளர் ஹலோவை அழைத்தார். கூடவே மனிதவள அதிகாரி. ஆளை வீட்டுக்கு அனுப்பும்போதும் பல் தெரியச் சிரிப்பதால் அவருக்குப் 'புன்னகை' என்று பெயர்.

"என்ன ஹலோ, குரல்ல தெம்பே இல்லையே?"

"அந்தப் பெரியவர் நினைப்பாவே இருக்கு சார்."

"எந்தப் பெரியவர்?"

"லிஃப்டுல போனவர் சார்."

"மேலயா, கீழயா?" என்றார் பொது மேலாளர்.

புன்னகை அவர் காதில் ஏதோ ஓதினார். பொது மேலாளர் முகத்தை இரண்டு விநாடி சோகமாக வைத்துக்கொண்டு, பிறகு எடுத்துவிட்டார்.

அடுத்த வாரமே 'ஆண் நல முகாம்'. இரவு வேலை முடித்துப் பகல் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்த ஹலோ உட்பட ஆண்கள் அனைவரும் சாப்பிட்ட கையோடு கூட்ட அறைக்குத் திரட்டப்பட்டார்கள். ஆலோசகர் வந்தார். சட்டைக் கை அவர் புஜத்தைத் தாங்காமல் விம்மியது. அவருடைய படிப்பு என்ன என்று கேட்க அதற்குப் பிறகு யாருக்கும் தோன்றவில்லை.

"சாப்ட்டதும் தூக்கம் வருதா? வேலைக்கு வரவே பிடிக்கலையா? மேலதிகாரியைப் பாத்தா சோர்வா இருக்கா?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. எல்லாக் கைகளிலிருந்தும் இரத்தம் எடுக்கப்பட்டது.

"சார், எங்களுக்கும் அலுப்பாத்தான் இருக்கு," என்றாள் வாசலில் நின்ற வரவேற்பாளர் பெண்.

"உங்களுக்கு அது சுபாவம்மா," என்று அன்போடு கதவைச் சாத்தினார் புன்னகை.

பரிசோதனை முடிவு வந்தது. அத்தனை ஆண்களுக்கும் குறைவு. பொது மேலாளருடையது மட்டும் கூரையை இடித்தது. அவருக்கு இரத்தம் எடுத்ததை யாரும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். அடிமட்டத்தில் இருந்தவர் ஹலோ. ஆலோசகர் அவரைத் தனியே உட்காரவைத்தார்.

"மனசுல என்ன ஓடுது?"

"ஒருத்தர் செத்துட்டாருங்க. கடைசிவரைக்கும் நான் அவர்கிட்ட பொய்தான் சொல்லிட்டிருந்தேன்."

"பாத்தீங்களா? குற்ற உணர்ச்சி! அளவு சரியா இருக்கற ஆம்பளைக்கு அது வரவே வராது."

"எனக்கு வந்ததே இல்லை," என்று உறுதிப்படுத்தினார் பொது மேலாளர்.

தினமும் தோள்பட்டையில் தேய்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு களிம்பு தந்தார்கள். அடுத்த கூட்டத்துக்குள் 'பழைய குரல்' திரும்பாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு குரல் உட்காரும் என்றும், இது மிரட்டல் அல்ல, அக்கறை என்றும் புன்னகை விளக்கினார்.

வீட்டில் மனைவி களிம்புப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளைப் பிரித்தாள்.

"எங்க தடவணுமாம்?"

"தோள்ல."

"பாப்பா படுத்துத் தூங்குற தோள்லயா? தடவின இடம் குழந்தைங்க மேல படக்கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். நாளைக்கு இவளுக்கு மீசை முளைச்சா உங்க மேனேஜர் வந்து மழிச்சு விடுவாரா?"

"கம்பெனியில கேப்பாங்களே..."

"கேக்கட்டும். உங்களுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாதா? ரத்தத்துலயா ஆச்சு? எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

பொது மருத்துவமனை டாக்டரம்மா முகாமில் தந்த இரத்த முடிவைப் படித்துவிட்டு, அவரை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: "ரத்தம் எப்ப எடுத்தாங்க?"

"மதியம் சாப்ட்டப்புறம். முந்தின ராத்திரி டியூட்டி. தூங்கலைங்க."

"அந்த நிலைமையில காளைமாட்டுக்குப் பாத்தாலும் கம்மியாத்தான் காட்டும். நல்லா தூங்கிட்டு காலையில வாங்க. ஒரு தடவை பாத்தா போதாது, ரெண்டு தடவை பாக்கணும்."

இரண்டு தடவையும் சரியாகவே இருந்தது.

"நிஜமாவே குறைஞ்சவங்களுக்கு இந்த மருந்து ரொம்ப உதவி. நானே எழுதிக் குடுக்கறேன். உங்களுக்கு அது இல்ல. உங்களுக்கு இருக்கறது மனச்சோர்வு. அதுக்கும் வைத்தியம் இருக்கு. மாடியில மனநல டாக்டர் இருக்கார், போய்ப் பாருங்க."

மாடியில் இருந்தவர் சட்டைக் கை தொளதொளவென்று தொங்கும் ஒல்லி மனிதர். ஆண் நல முகாமில் அவரை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். "முழுசா சொல்லுங்க," என்றார். ஹலோ சொன்னார். தபால்காரர் குரல் எப்படி இருந்தது, எந்த இடத்தில் நின்றது, அதற்குப் பிறகு தான் எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தார் என்பது வரை. டாக்டர் குறுக்கே பேசவில்லை. ஹலோ வாரா வாரம் போனார். மாத்திரையும் தந்தார்கள். மெல்லச் சோறு இறங்கியது. மகளுக்கு ஒரு கதையை முடிவுவரை சொன்னார். களிம்பு மட்டும் மூடி திறக்கப்படாமல் அலமாரியின் உச்சியில் கிடந்தது.

ஆக, கூட்டத்துக்கு ஹலோ நிமிர்ந்து நடந்து வந்தார். அறையில் ஒரு பரவசம் பரவியது.

"பாத்தீங்களா, நடையே மாறிடுச்சு!" என்றார் ஆலோசகர்.

"இதுதாங்க நம்ம 'வெற்றிக் கதை'," என்றார் புன்னகை. "மத்த கிளைக்கெல்லாம் அனுப்பணும். ஹலோ, ரெண்டு வார்த்தை பேசுங்க."

ஹலோ எழுந்தார்.

"இன்னொரு மெக்கானிக் போடுங்க சார். அதுவரைக்கும் அந்த வாக்கியத்தை நான் சொல்ல மாட்டேன். ஆள் வராதப்ப வர்றார்னு இனிமே யார்கிட்டயும் என்னால சொல்ல முடியாது. அந்தப் பெரியவர் வீட்டுக்கு நம்ம கம்பெனியிலேர்ந்து இன்னும் ஒருத்தரும் போகல. நான் போயிட்டு வந்தேன்."

பொது மேலாளர் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் தொண்டையைச் செருமினார்.

"அளவு கூடிடுச்சு. எதிர்த்துப் பேசறது முக்கியமான அறிகுறி. மருந்தைக் குறைக்கணும்."

"நான் ஒரு துளிகூடத் தடவலைங்க."

ஆலோசகர் கண் இமைக்கவில்லை. விஞ்ஞானம் அவ்வளவு சுலபமாகத் தோற்றுவிடுமா?

"அப்படின்னா இயற்கையாவே ஜாஸ்தி. அது இன்னும் ஆபத்து."

"போன தடவை கம்மின்னீங்களே?"

"போன தடவை நீங்க எதிர்த்துப் பேசலையே."

இந்த வாதத்தின் கூர்மையில் பொது மேலாளர் மேசையைத் தட்டிவிட்டார். 'உடல்நலனில் கொண்ட அக்கறை காரணமாக' ஹலோ அன்று மாலையே பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஸ்பேனருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தபோது அவர் ஏதோ ஒரு லிஃப்டின் தலைமேல் இருந்தார். இறங்கி வர முடியவில்லை. ஹலோ இப்போது தீயணைப்பு நிலையத்தில் தொலைபேசி எடுக்கிறார். அங்கேயும் ஹலோதான்.

நிறுவனம் அவருடைய மேசையில் ஒரு கருவியை வைத்தது. கம்பீரமான ஆண் குரல். கேட்டாலே முதுகு நிமிரும். அதற்குப் பசியில்லை, தூக்கமில்லை, குற்ற உணர்ச்சியில்லை. எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காமல் அதே வாக்கியத்தைச் சொல்கிறது. 'சுரப்பு குறையவே குறையாத ஊழியர்' என்று ஆண்டு விழாவில் பொது மேலாளர் அதற்கு மாலை போட்டார். ஆலோசகர் கைதட்டினார். புன்னகை இன்னும் அகலமாயிற்று.

அந்தக் குரல் பேசத் தொடங்கிய பிறகு லிஃப்டுக்குள் இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள்.