நான் அழித்த ஒரு கமெண்ட்

கருத்துச் சுதந்திரத்துக்காக உயிரையும் கொடுப்பேன் என்று சொல்லித் திரிந்தவள் நான். உயிரைக் கேட்டிருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பேன். ஒரே ஒரு கமெண்டைப் பொறுத்துக்கொள்ளத்தான் என்னால் முடியவில்லை.

நாகர்கோவிலிலிருந்து வந்து திருவனந்தபுரம் வலியசாலையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம், நானும் கணவர் செல்வினும். வாரத்தில் ஐந்து நாள் கழக்கூட்டத்து ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஊர் சுற்றக் கிளம்பிவிடுவேன். தெரியாத சந்துக்குள் நுழைவது, பழைய ஓட்டு வீடுகளைப் படமெடுப்பது, திரும்பி வந்து முகநூலில் என் பக்கத்தில் அதைப்பற்றி எழுதுவது. தோள்பையில் சின்னக் கத்தரியும் ஈரத் துணியும் இருக்கும். மதிலுக்கு வெளியே தலை நீட்டுகிற செடி பொதுச்சொத்து என்பது என் கொள்கை. (கொள்கை என்று சொல்லிக்கொண்டால் திருட்டு மாதிரித் தெரியாது.) அப்படிச் சேர்ந்த கம்புகள் எங்கள் மொட்டை மாடியில் நாற்பது மண் பைகளில் தளதளவென்று நின்றன.

வீட்டுக்காரர் பரமேசுவரன் சார் கீழே குடியிருக்கிறார். எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். ஒருநாள் சங்கம் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பி, தெருவோரம் படர்ந்திருந்த சங்குப்பூக் கொடியை அடியோடு வெட்டி, அந்த இடத்தில் சிமென்ட் பூசிவிட்டது. வேலை விட்டு வந்து பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் எழுத்தும் வந்துவிடும். "செயலாளர் கையில் கத்தியைக் கொடுத்தால் தன் மீசையையும் குப்பை என்று வழித்தெறிந்துவிடுவார்" என்று வறுத்தெடுத்தேன். தமிழில்தானே எழுதுகிறோம், திருவனந்தபுரத்தில் யார் படிக்கப் போகிறார்கள் என்ற துணிச்சல். (தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுகிற அக்கிரகாரத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இப்படி நினைக்கத் தனி மூளை வேண்டும்.)

மறுநாள் சாயங்காலம் சார் போனும் கையுமாக மேலே வந்தார்.

"நன்னா எழுதறேள். மீசைதான் சித்தே அதிகம், கேட்டேளா" என்றார். பிறகு குரலை உயர்த்தாமலே விஷயத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடுகிறது. அதற்குள் பதிவை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மாடிச் செடிகளைக் காலி செய்யவேண்டி வரும், தளம் ஈரம் இழுக்கிறதென்று கமிட்டியில் ஏற்கெனவே பேச்சு இருக்கிறதாம்.

"பதிவ எடுத்துப் போட்டுட்டுச் செடியக் காப்பாத்து பிள்ளே" என்றார் செல்வின். செடி போனால் இன்னொரு கம்பு நட்டுக்கொள்ளலாம், எழுதியதைப் பயந்து அழித்துவிட்டுப் பிறகு எந்த முகத்தோடு எழுதுவது என்றேன். வசனம் நன்றாக வந்திருந்ததால் கண்ணாடி முன்னால் போய் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். ஆனாலும் அந்த வாரம் முழுக்கக் காலையில் மாடிக்குப் போய் ஒவ்வொரு பையாகத் தொட்டுப் பார்த்தேன்.

பொதுக்குழு நாளன்று சங்கக் கூடம் நிறைந்திருந்தது. டீயும் பருப்பு வடையும் வந்து போனதும் நான் எழுந்தேன். பாதி தமிழ், பாதி மலையாளம், பத்து நிமிடம் பொழிந்தேன். பிடிக்காத பேச்சையும் கேட்கிற மனசுக்குத்தான் ஜனநாயகம் என்று பெயர் என்றேன். கைதட்டல் வந்தது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். விதி விடவில்லை. "என் பக்கத்தில் இன்றுவரை யார் வாயையும் நான் அடைத்ததில்லை" என்றும் சொல்லிவைத்தேன்.

பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். மூன்றாவது சந்தில் இருக்கும் சரசம்மா டீச்சர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முகத்தை அன்றுதான் பார்க்கிறேன், பெயர் மட்டும் நன்றாகத் தெரியும்.

"மோளே, அப்போ என்டெ கமெண்ட் எவிடே?"

என் மாடியில் மஞ்சள் அடுக்குச் செம்பருத்தி முதல் பூ விட்டபோது, என் கைராசி என்று பீற்றிக்கொண்டு படம் போட்டிருந்தேன். அதன் கீழே டீச்சர், இது என் மதிலில் ஒடித்த கிளை, கேட்டிருந்தால் வேரோடு தந்திருப்பேனே என்று எழுதியிருந்தார். நான்கே நிமிடத்தில் அழித்தேன். மறுபடி எழுதினார், மறுபடி அழித்தேன். மூன்றாம் தடவை ஆளையே பிளாக் செய்தேன். மூன்றையும் டீச்சர் படம் பிடித்து வைத்திருந்தார். போன் வரிசை வரிசையாகக் கை மாறி முன்னால் வந்தது.

செல்வின் என் துப்பட்டாவைப் பிடித்துக் கீழே இழுத்தார். அவமானத்தில் காது கொதித்தது. ஆனால் அப்போது உட்கார்ந்தால் பிறகு எழுந்திருக்கவே முடியாது என்று தோன்றியது. ஆமாம், ஒடித்தேன், அழித்தேன், இரண்டும் தப்பு என்றேன். நின்ற இடத்திலேயே டீச்சரின் பிளாக்கை நீக்கி, அவர் போனில் இருந்த கமெண்டைப் படமெடுத்து என் பக்கத்தின் உச்சியில் போட்டேன். "ஆனால் சங்குப்பூவை வெட்டியது தப்புதான். அந்தப் பதிவை எடுக்கமாட்டேன். செடியைத்தான் எடுக்கவேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்."

டீச்சர் இன்னும் உட்காரவில்லை.

"போஸ்ட் அவிடெ கிடக்கட்டே, என் கமெண்ட்டும் கிடக்கட்டே. பட்சே சாரே, அந்த மாடியில என்டெ செம்பருத்தி உண்டு. அதைத் தொட நான் சம்மதிக்கில்ல."

உடனே முன்வரிசை மாமி ஒருவர், வெள்ளை இட்லிப்பூவும் அங்கே இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அது எங்காத்தது, அதையும் தொடக்கூடாது என்றார். பிச்சி, காகிதப்பூ, வெற்றிலைக் கொடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் எழுந்தார். கடைசியில் பரமேசுவரன் சாரே தயங்கிக்கொண்டு, "எங்க வாசல் நந்தியாவட்டை?" என்றார். தலையை ஆட்டினேன். தளத்தில் தார்ப்பாய் விரித்து அதன்மேல் செடிகளை வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் நிறைவேறியது.

பதிவு இன்னும் இருக்கிறது. சிமென்ட்டும் இருக்கிறது, அதனால் மாதம் ஒரு தடவை அதைப்பற்றி எழுதுகிறேன். டீச்சர் ஞாயிறு தவறாமல் என் பக்கத்துக்கு வந்து ஏதாவது குறை சொல்லிவிட்டுப் போகிறார். என் பதிவுகளை விட அவர் கமெண்டுக்குத்தான் லைக் அதிகம்.

வீட்டில் நான் யாரையாவது பேசவிடாமல் அடித்துப் பேசினால் செல்வின் கேட்பது ஒரே கேள்விதான். போன கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்கள் முன்னால், நான் சுட்ட கேக் கரியவே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சரக் கூப்பிடட்டா பிள்ளே?" என்றார்.

கூப்பிடுங்கள் என்றேன். டீச்சர் வந்தார், ஒரு துண்டு தின்றார், கரிஞ்சு போயி என்றார். நான் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை.