நாலாவது கலர்

"டேய் சுகுமாறா! நான் செத்துட்டேன்னு எவன்டா சொன்னது?"

கிள்ளான் நகரில் இறுதிச் சடங்குக் கடை நடத்தும் சுகுமாறன் எத்தனையோ பேரை வழியனுப்பி வைத்தவர். ஆனால் அமரரே நேரில் வந்து சண்டை போடுவது இதுதான் முதல் தடவை. வாசலில் காலையில்தான் மாட்டிய எல்.இ.டி. போர்டில் 'அமரர் கார்த்திகேசு' என்று சிவப்பெழுத்து ஓடிக்கொண்டிருந்தது. கத்தியவர் அடுத்த தெரு கார்த்திகேசு.

"கலர் பாக்க போர்டுக்காரன் போட்ட சாம்பிள் லா, அங்கிள்! கோவிச்சுக்காதீங்க."

"சாம்பிளுக்கு என் பேருதான் கெடைச்சுதா?"

ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினார். சரியாக ஒரு வாரத்தில் கார்த்திகேசு போய்ச் சேர்ந்தார்.

"சிவப்பு நமக்கு ஆகாதுங்க. பச்சைக்கு மாத்துங்க" என்றாள் மனைவி புனிதா.

போர்டுக்காரர் ஜெயராஜ் தன் ஊரான பூச்சோங்கில் இருந்தபடியே கைப்பேசியில் கலரை மாற்றிக் கொடுப்பார். சுகுமாறனின் சந்தேகமெல்லாம் கலர் மேல்தான். பெயரைப் பற்றிக் கேட்கவே தோன்றவில்லை.

பச்சையில் 'அமரர் இராஜம்மா' ஓடியது. பாசார் சந்தையில் கீரை விற்கும் இராஜம்மா அன்றைக்கு நன்றாகத்தான் பேரம் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவர் கடை திறக்கவில்லை.

"பச்சை இன்னும் வேகமால்ல இருக்கு!" என்று சுகுமாறன் நடுங்கினார்.

"நீலம் குளிர்ச்சி. அதைப் போடச் சொல்லுங்க" என்றாள் புனிதா.

காலையில் நீலத்தில் எதிர்வீட்டு ரெங்கசாமி பெயர் ஓடியது. மத்தியானமே ரெங்கசாமியின் மகன் அழுதுகொண்டு கடைக்கு வந்துவிட்டான். அவனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார் சுகுமாறன்.

மறுநாள் விடிந்ததும் போன் போட்டார். "கலரே வேணாம் ஜெயராஜ்! வெள்ளை போடு!"

வெள்ளை வந்தது. வாசலுக்குப் போன புனிதா அலறிக்கொண்டே உள்ளே ஓடி வந்தாள். சுகுமாறன் எட்டிப் பார்த்தார்.

'அமரர் சுகுமாறன்.'

அவர் விரல் விட்டு எண்ணினார். சிவப்பு ஒரு வாரம், பச்சை மூன்று நாள், நீலம் அரை நாள். அப்படியானால் வெள்ளை? சாவு வீடுகளில் எவ்வளவோ தைரியமாய் நின்ற மனிதர், சொந்தக் கடையில் நிற்கப் பயந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயராஜ்! சிவப்பு போடு! உடனே சிவப்பு போடு லா! ஒரு வாரமாச்சும் கெடைக்கட்டும்!"

"இருங்கண்ணே, இப்பவே மாத்துறேன்."

எழுத்து சிவந்தது. ஏழு நாள் கையில் இருக்கிறது என்றதும் சுகுமாறனுக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

"ஏன்பா, சாம்பிளுக்கு உனக்கு வேற பேரே கெடைக்கலையா? என் பேரையா போடுவ?"



"அண்ணே, நான் கலர் மட்டும்தானே மாத்துறேன். பேரெல்லாம் நீங்க போடுறீங்கன்னுல்ல நெனச்சேன்?"