இரண்டாவது முட்டை

"இதுல மஞ்சக்கரு எங்கே?"

தட்டில் இருந்த அவித்த முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் மீட்டர்காரர். நடுவில் ஒரு பள்ளம். பள்ளத்தில் ஒன்றுமில்லை.

"பூனைக்குப் போட்டுட்டேன்" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்காமல்.

"பூனைக்கா? அதுக்கு மட்டும் கொலஸ்ட்ரால் வராதா?"

"அது நாள் பூரா மதில் மதிலா ஏறி இறங்குது. நீங்க ஈசிசேர்ல ஏறுறீங்க, இறங்குறீங்க. பேசாம சாப்பிடுங்க."

மீட்டர்காரர் மின்சார இலாகாவில் மீட்டர் படித்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாகப் போய், மீட்டரை எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "ஜாஸ்தி ஓடியிருக்கே" என்று சொல்லி எத்தனையோ குடும்பங்களின் வயிற்றில் புளியைக் கரைத்தவர். போன மாதம் ஒரு லேப் பெண் அவருடைய ரத்தத்தைப் படித்துவிட்டு அதே மாதிரி உதட்டைப் பிதுக்கினாள். அன்றோடு வெண்ணெய் போச்சு, பாலில் ஏடு போச்சு, இப்போது மஞ்சள் கருவும் போச்சு.

வெண்ணெய் போனதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். முட்டை விஷயம் அப்படியில்லை. அவருடைய கல்யாணமே முட்டையில்தான் ஆரம்பித்தது.

அப்போது இளவட்டம். காசநோய் என்று மலைமேல் இருந்த ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். நீளமான வார்டு, ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். குளிரானாலும் மழையானாலும் மூடக் கூடாது. பாதி வைத்தியம் மருந்து, பாதி வைத்தியம் சாப்பாடு என்று இருந்த காலம் அது. காலையில் தகர வண்டி கடகடவென்று வரும் சத்தம் கேட்டாலே வார்டே எழுந்து உட்கார்ந்துவிடும். ஆளுக்கு ஒரு டம்ளர் பால், ரொட்டி, வெண்ணெய், ஒரு முட்டை. வண்டியைத் தள்ளிவரும் சமையல்கட்டுப் பெண் பாதி முகத்தைத் துணியால் கட்டியிருப்பாள்; கண் மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் இவர் தட்டில் இரண்டு முட்டை இருந்தது. மறுநாளும் இரண்டு. பக்கத்துக் கட்டிலுக்கு ஒன்று, எதிர்க்கட்டிலுக்கு ஒன்று, இவருக்கு மட்டும் இரண்டு! நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்கள் கலங்கியிருந்தன. "சாப்பிடுங்க" என்றாள். அவ்வளவுதான், மனுஷன் அந்த நிமிஷமே தொபுக்கடீரென்று விழுந்துவிட்டார்.

அந்த மாதிரிக் காலை வேளை அப்புறம் அவருக்கு வாய்க்கவேயில்லை. பனிக்காற்று முகத்தில் அடிக்க, சூடான முட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு, வண்டி வார்டின் கோடிவரை போவதையே பார்த்துக் கொண்டிருப்பார். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிறைந்துவிடும். கேட்காதவர்களிடம்கூட அந்தக் கதையைச் சொல்லுவார். "அவ வாயால ஒரு வார்த்தை சொன்னதில்லே. முட்டையாலதான் சொன்னா" என்பார்.

அப்படி இரண்டு கொடுத்த கை இன்று ஒன்றில் பாதியைப் பிடுங்கிப் பூனைக்குப் போடுகிறது என்றால் என்ன அர்த்தம்? ஆசை விட்டுப்போச்சு என்றுதானே அர்த்தம்? வீட்டில் கிடக்கும் பழைய சாமான்களோடு நானும் ஒரு சாமான் ஆகிவிட்டேன் என்று நினைத்துத் தட்டைத் தள்ளி வைத்தார் மீட்டர்காரர்.

அந்த நேரம் பார்த்து ரேடியோவில் ஒரு டாக்டர் பேசினார். கொலஸ்ட்ரால் ரொம்பவும் குறைந்துபோனவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து கொஞ்சம் கூடுதலோ என்று சில ஆராய்ச்சிகளில் சந்தேகப்படுகிறார்களாம். இன்னும் முடிவாகச் சொல்வதற்கில்லையாம். மீட்டர்காரர் முன்பாதியை மட்டும் கேட்டுவிட்டு ரேடியோவை அணைத்தார்.

"கேட்டியா? கொழுப்பு குறைஞ்சா டி.பி. வருமாம்! ஏற்கெனவே வந்து போன உடம்பு இது!"

"உங்களுக்குக் கொழுப்பு குறையட்டும், அப்புறம் பேசுவோம்" என்றாள் அவள்.

இப்படிச் சொல்லிவிட்டாளே! அன்று மத்தியானம் மீட்டர்காரர் இருமினார். சின்ன இருமல்தான், சாம்பிளுக்கு.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. இன்னொரு தரம் இருமினார். மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. பலிச்சுடுச்சு என்று மீட்டர்காரர் உள்ளுக்குள் துள்ளினார். முட்டை வரும் என்று பார்த்தால், அவளுடைய தம்பி வந்தான். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, காரோடு.

"அத்தான், எத்தனை நாளா இருமல்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லேப்பா. நின்னுபோச்சு."

"அன்னிக்கும் இப்படித்தான் நின்னுபோச்சு நின்னுபோச்சுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாராம்" என்றாள் மனைவி. அவருடைய கட்டில் அன்றே பின்னறைக்குப் போனது. தட்டும் டம்ளரும் தனியானது. ஈசிசேரில் பூனை ஏறிக்கொண்டது.

உடம்பு கல் மாதிரி இருப்பதைக் காட்ட, "வேணும்னா எடை போட்டுப் பாருங்க" என்று சவால் விட்டார். போட்டார்கள். ஒரு மாதப் பத்தியத்தில் நாலு கிலோ இறங்கியிருந்தது.

"ஐயோ, எடை வேற குறையுதே!" என்றாள் மனைவி.

பின்னறை வாசத்தில் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் தெருக்கோடி டீக்கடை. சாயங்காலம் பின்கதவு வழியாக நழுவி, வெண்ணெயில் பொரித்த ஆம்லெட்டை அவசர அவசரமாக உள்ளே தள்ளிவிட்டு, ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவிடுவார். ஒருநாள் பின்கதவில் மச்சான் நின்றிருந்தான்.

"எங்கே போனீங்க?"

"உள்ளே மூச்சு முட்டுதுப்பா. காத்தாட நின்னேன்."

"மூச்சு முட்டுதா? அக்கா! இங்கே வா! சட்டையைப் பாரு, வேர்த்துத் தொப்பலா நனைஞ்சிருக்கு!"

இருமல், எடை, மூச்சு, வேர்வை. அசல் நோயாளிக்குக்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. மறுநாள் விடிந்ததும் அவரைக் காரில் ஏற்றிவிட்டார்கள்.

நெஞ்சுநோய்ப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து, "நல்லா இருமி, சளியை இதுல துப்புங்க பெரியவரே" என்றார் லேப்காரர்.

மீட்டர்காரர் இருமினார். காற்றுதான் வந்தது. முக்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. சளி மட்டும் வரவில்லை.

"இருமலே இல்லாம இங்க எதுக்கு வந்தீங்க?"

"வீட்டுல நல்லா வந்துதே" என்றார் பரிதாபமாக.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பழைய தழும்பு மட்டும்தான் இருக்கு. நுரையீரல் சுத்தமா இருக்கு. கொலஸ்ட்ரால்தான் போன தடவையைவிட ஏறியிருக்கு. பத்தியம் இருக்கீங்கன்னு சொன்னாங்களே?"

மச்சான் மோவாயைச் சொறிந்தான். மனைவி அவரையே பார்த்தாள். டீக்கடை, ஆம்லெட், பொய் இருமல் எல்லாவற்றையும் மீட்டர்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே கொட்டிவிட்டார். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு மாத்திரை வாங்கப் போனாள்.

வெளியே பெஞ்சில் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அழுகை முட்டியது.

"திட்டக்கூட மனசு வரலை பாத்தியா? அவ்வளவு வெறுத்துப்போச்சு அவளுக்கு. எனக்கு முட்டை பெரிசில்லேப்பா. அன்னிக்கு ஒரு வார்டையே விட்டுட்டு எனக்கு மட்டும் ரெண்டு வச்சவ. அந்த ஆசை இன்னும் கொஞ்சமாவது மிச்சம் இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான் இருமினேன்."

மச்சான் கைக்குட்டையை மூக்கிலிருந்து இறக்கினான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம் அவனுக்கு.

"ரெண்டு முட்டையை ஆசையில வச்சான்னா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க? உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அக்கா இத்தனை வருஷமா என் வாயைக் கட்டி வச்சிருக்கா."

"எதை?"

"அந்த ஆஸ்பத்திரியில ரெண்டாவது முட்டை, இவன் இனிமே பொழைக்கமாட்டான்னு பெரிய டாக்டர் கைவிட்ட ஆளுக்குத்தான் அத்தான், 'போயும் போயும் ரெண்டு முட்டைக்காரனையா கட்டிக்கப்போறே'ன்னு எங்கப்பா தலைதலையா அடிச்சுக்கிட்டாரு, அக்காதான் கேக்கவே இல்லை."