ஞாயிறு வரை திருந்தாதீர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற காலை எட்டு மணி பஸ்ஸில், ஒருத்தர்கூட நல்லவராகிவிடக் கூடாது என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்ட ஒரே பிறவி எங்கள் மீனிங் அக்காதான். வேறு எந்த ஊர் பஸ்ஸிலாவது இப்படி ஒரு வேண்டுதல் நடந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். நம்ப மாட்டேன்.

அவள் நிஜப் பெயர் பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் வேலை, நானும் அங்கேதான். எட்டு வருடம் பேண்டேஜ் சுருட்டிய பிறகு, இருபத்தொன்பது வயதில், மத்தியப் பல்கலைக்கழகத்தில் இங்கிலீஷ் பி.ஏ. படிக்கவேண்டும் என்று நுழைவுத் தேர்வு எழுதக் கிளம்பினாள். முதல் தடவை, கண்ணில் பட்ட வார்த்தைக்கெல்லாம் மீனிங் மனப்பாடம் செய்துகொண்டு போனாள். ஹாலுக்குள் நுழைந்ததும் அத்தனையும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டன. "இன்னும் ஒரு தடவைதான். இதுலயும் கெடைக்கலைன்னா பேண்டேஜே கதின்னு கெடப்பேன்" என்று வீட்டில் சத்தியம் செய்துவிட்டு இரண்டாம் தடவைக்கு இறங்கினாள்.

இந்தத் தடவை வழியே வேறு. ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு ஒரு பஸ் பயணி. "வார்த்தை மறக்கும்டி, மூஞ்சி மறக்குமா?" என்பாள். எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழும் கண்டக்டர் 'இராஸிபிள்'. ஏறியதும் குறட்டை விடும் கோர்ட் குமாஸ்தா 'சோம்னலன்ட்'. பேரனின் முதல் பிறந்தநாளை யார் வீட்டில் கொண்டாடுவது என்று சண்டை போட்டு, இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத சம்பந்தியம்மாக்கள் இருவர் எங்களோடு வருவார்கள். ஒருத்தி டிரைவர் பக்கம், ஒருத்தி கடைசி சீட். அவர்கள் 'ஹாஸ்டிலிட்டி', அதாவது பகை.

பரீட்சையில் பொது அறிவும் உண்டு; அதில் வரும் சரித்திரத்துக்கு பஸ் நிறுத்தங்கள். ஏறுகிற இடம் மௌரியர், அடுத்த நிறுத்தம் குப்தர், ராஜபாளையத்துக்குள் நுழைந்தால் மொகலாயர், எங்கள் கம்பெனி வாசல் வெள்ளைக்காரன். வரிசை பிசகவே பிசகாது. இதைத் தினமும் கேட்டுக் கேட்டுப் பழகிய பூக்காரம்மா ஒருநாள் "மொகலாயர்ல எறங்கணும்" என்று டிக்கெட் கேட்க, "இது என்ன டெல்லி வண்டியாம்மா?" என்று கண்டக்டர் குதித்தார்.

ஒருநாள் டிரைவர் சடன் பிரேக் போட்டார். எந்த வார்த்தைக்கு யார், ஏன் என்று அக்கா எழுதி வைத்திருந்த நோட்டு சறுக்கிப்போய் கண்டக்டர் காலடியில் விழுந்தது. எடுத்துப் புரட்டியவர் முகம் சிவந்தது.

"நான் எரிஞ்சி விழுறனா? எவன் சொன்னான்? நானா எரிஞ்சி விழுறேன்?"

அவர் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நோட்டு கைமாறிக் கைமாறிக் கடைசி சீட்டுவரை போனது. சம்பந்தியம்மாக்கள் இரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சேர்ந்து ஒரே ஆளை முறைத்தார்கள். குமாஸ்தா மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை; அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

வினை அப்புறம்தான் வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் மானஸ்தர்கள், திருந்த ஆரம்பித்துவிட்டார்கள். திங்கட்கிழமை கண்டக்டர் "வாங்கம்மா, பாத்து ஏறுங்க" என்றார். சம்பந்தியம்மாக்கள் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் இட்லி சாப்பிட்டார்கள். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பரீட்சை அந்த ஞாயிற்றுக்கிழமை.

"போச்சுடி! இராஸிபிள்னா யாரு மூஞ்சியும் வரமாட்டேங்கு!"

சட்டென்று எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணே, சித்திமாரே, ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் திருந்தாதீங்க. பொறவு எம்புட்டு வேணும்னாலும் நல்லவங்களா இருந்துக்கோங்க."

"ஏட்டி, ரெண்டு வருசம் கழிச்சி இப்பத்தான் ராசியாயிருக்கோம்" என்றாள் ஒரு சம்பந்தியம்மா.

"ஆறே நாளு சித்தி!"

கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மொதல்ல ஒக்காரும்மா! ஓடுற வண்டியில நின்னுக்கிட்டு என்ன பேச்சு!" என்று பாய்ந்தார்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அதுதான்ணே" என்றாள்.

அந்த ஆறு நாளும் பஸ்ஸே உழைத்தது. கண்டக்டர் யாரையாவது திட்டிவிட்டு, போதுமா என்பதுபோல் அக்காவைப் பார்ப்பார். சம்பந்தியம்மாக்கள் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, செல்போனில் பேரன் படங்களை அனுப்பிக்கொண்டு, முந்தானைக்குள் சிரித்தார்கள். முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்குக் குழிப்பணியார டப்பா கைமாறிப் போகும். போய்ச் சேரும்போது இரண்டுதான் மிச்சமிருக்கும். சனிக்கிழமை குமாஸ்தா விழித்துக்கொண்டு, "எல்லாரும் என்னமோ செய்றீங்க, நான் என்ன செய்யணும்?" என்றார். "தூங்குங்க!" என்று பஸ்ஸே கத்தியது.

அடுத்த திங்கட்கிழமை அக்கா படியேறும்போதே எல்லோரும் திரும்பினோம்.

"இராஸிபிள் வந்துச்சுண்ணே! ஒங்க சத்தம் காதுல கேட்டுச்சு. பயந்துபோய் கம்ப்யூட்டர்ல சரியான விடைய அமுக்கிட்டேன்."

கண்டக்டர் நிறுத்தமே இல்லாத இடத்தில் விசில் ஊதினார்.

"ஹாஸ்டிலிட்டி வந்துச்சா?" என்றார்கள் சம்பந்தியம்மாக்கள்.

"அது வரல சித்தி."

"அம்புட்டுப் பாடுபட்டும் வரலையா?" இருவருக்கும் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

இடம் கிடைத்தது, ஹைதராபாத்தில். அக்கா பஸ் முழுக்கப் பால்கோவா கொடுத்தாள். வேலைக்கு வந்த கடைசி நாளில் நான் கேட்டேன்: "எல்லாருக்கும் வார்த்தை வச்ச. பக்கத்துலயே ஒக்காந்து வந்தேன், எனக்கு என்னக்கா வார்த்தை?"

"மூணு நாலு வச்சுப் பாத்தேன்டி. ஒண்ணும் நிக்கல. ஒன்னப் பாத்தா எங்க படிக்கத் தோணுது? பேசத்தான தோணுது."

கண்டக்டர் இன்னும் திருந்தவில்லை. "பரிட்சைதான் முடிஞ்சிருச்சேண்ணே" என்றால், "அவளுக்கு அங்கயும் பரிட்சை இருக்கும்லா" என்று எரிந்து விழுகிறார். என் பக்கத்து சீட்டில் யார் யாரோ உட்காருகிறார்கள், நல்லவர்கள்தான். ஆனால் ராஜபாளையம் வரைக்கும் பேசாமல் போவது எனக்கு இன்னும் பழகவில்லை.