கதவு கேடயமாகுமா?

“கதவு கேடயம் ஆகாது” என்று சொல்லிப் பல் டாக்டர் புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

“ஏன் ஆகாது?” கதவுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கிளினிக்குக்கு விடுமுறை. மற்ற நாட்களில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் காத்திருக்கும் கூடத்தில் ஒரு மேசையைப் போட்டு நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் இதுதான்: ஆளுக்கொரு கதாபாத்திரத்தைத் தாங்களே உருவாக்கிக்கொண்டு, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஒரு கற்பனைக் காட்டுக்குள் சாகசம் செய்கிற ஆட்டம். கதையை நடத்துவது பல் டாக்டர். பாலம் எப்போது இடியும், டிராகன் எப்போது வரும் என்பதெல்லாம் அவர் கையில். விதியில் சந்தேகம் வந்தால் அவர் சொல்வதே தீர்ப்பு.

மருந்துக்கடைக்காரர் வில்லாளி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சரம்மா நெருப்பு மந்திரவாதி. வாரம் முழுக்க “பிரேக்! பிரேக்!” என்று அலறுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமையாவது எதையாவது கொளுத்தினால்தான் மனசு ஆறும். நம்மவர் உருவாக்கிய வீரனிடம் மட்டும் வாளும் கிடையாது, வில்லும் கிடையாது. முதுகில் ஒரு மரக்கதவு, அவ்வளவுதான். அதிலிருந்து அவர் பெயரே கதவுக்காரர்.

“பள்ளம் வந்தா கீழ போட்டுப் பாலம். மழை வந்தா தலைக்கு மேல பிடிச்சுக் கூரை. எதிரி வந்தா முன்னால நிறுத்திக் கேடயம். இதுல என்ன தப்பு டாக்டர்?”

“கேடயம்னா கையில ஏந்தி உடம்பை மறைக்கிற பலகைன்னு புத்தகத்துல போட்டிருக்கு. இது கதவு.”

“நிலையில மாட்டியிருந்தாத்தானே அது கதவு? கழட்டித் தூக்கிட்டா வெறும் பலகை. பலகைன்னா கேடயம்!”

மருந்துக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “கேக்கும்போது சரியாத்தான் இருக்கு.”

“பேசாம ஒரு வாள் வாங்கிக்குங்க சார்” என்றார் டாக்டர். “மாசக் கடைசியில டிராகன் குகை. கேடயம் இல்லாத ஆளு முதல் மூச்சுலயே சாம்பல். செத்தா ஆட்டத்தை விட்டு வெளிய. இந்த நாற்காலிக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் கேட்டுட்டிருக்காங்க.”

“வாள் வாங்க மாட்டேன்.”

“பிடிச்ச முயலுக்கு மூணே காலா?”

“ரெண்டு கால்னு சொன்னாலும் சொல்லுவேன். வாள் வாங்க மாட்டேன்.”

இந்தப் பிடிவாதம் அவருக்குப் புதுசு. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் கவுன்ட்டர் அவருடைய இடம். தான் தொட்டுக்கூடப் பார்க்காத மெஷின்களுக்காக நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பதுதான் சம்பளத்துக்கான வேலை. கத்துகிறவரிடம் குனிவார், கத்தாதவரிடமும் ஒரு பாதுகாப்புக்குக் குனிந்து வைப்பார். மேனேஜர் தும்மினால்கூட “மன்னிக்கணும் சார்” என்பார். உலகத்தில் ஒரே ஒரு இடத்திலாவது நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று அவருக்கு வெறியே வந்திருந்தது. அந்த இடம் இந்த நாற்காலி. அதை விட்டுக்கொடுப்பதற்குப் பதில் கவுன்ட்டரிலேயே படுத்துக்கொள்ளலாம்.

டாக்டர் தாடையைத் தடவினார். “சரி. ஒரு மனுஷன் கதவைச் சுமந்துக்கிட்டு நடக்க முடியும்னு நிரூபியுங்க, யோசிக்கிறேன். வாசக்கதவெல்லாம் வேண்டாம், இடுப்பு பிடிச்சுக்கும். குளியலறைக் கதவு அளவுல ஒண்ணு கொண்டாங்க போதும்.”

கதவுக்காரர் வீட்டுக் குளியலறைக் கதவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தண்ணீர் பட்டுப் பட்டு அதன் அடிப்பாகம் உப்பியிருந்தது. திறந்தால் கீல் ஓலமிடும். தாழ்ப்பாள் போட்டாலும் விழாது. அதனால் உள்ளே இருப்பவர் ஏதாவது சத்தம் எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வீட்டு வழக்கம். மனைவி வாளியைத் தட்டுவாள். மாமியார் தாலாட்டுப் பாடுவார். இவர், “வணக்கம், உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது” என்று கவுன்ட்டர் வசனத்தைச் சொல்லிக்கொண்டே குளிப்பார்.

அதைச் சரிசெய்யச் சொல்லி மனைவி ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தானே போய் வெளிர் நீலத்தில் ஒரு டப்பா பெயின்ட்கூட வாங்கி வந்து கட்டிலுக்கடியில் வைத்துவிட்டாள். இவர் அசையவில்லை.

“ஆபீஸ்ல வாரம் பூரா குனியறேன். ஞாயித்துக்கிழமை ஒரு கதவுக்காகக் குனிய மாட்டேன். ஆசாரியைக் கூப்பிடு.”

“கூப்பிட்டேனே! சின்ன வேலைன்னு எவனும் வர மாட்டேங்கறான்.”

“அப்ப வாளியைத் தட்டு.”

போன மாதம் கடைவாய்ப் பல்லுக்காகக் கிளினிக்குக்குப் போன மனைவிதான், “அங்க ஞாயித்துக்கிழமை ஏதோ ஆட்டம் ஆடறாங்களாம், நீங்களும் போங்களேன். வீட்ல சும்மாத்தானே படுத்திருக்கீங்க” என்று இவரை அனுப்பி வைத்தாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பேச்சைக் கேட்டார்.

அன்று சாயங்காலம் ஸ்க்ரூடிரைவரோடு அவர் குளியலறை முன்னால் நிற்பதைப் பார்த்ததும் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

“என்னங்க, சரி பண்ணப் போறீங்களா?”

“சண்டைக்குக் கொண்டு போறேன்!”

அவள் உடனே ஒரு போர்வையை எடுத்து வந்து கதவு இருந்த இடத்தில் தொங்கவிட்டாள்.

‘பயந்துட்டா’ என்று நினைத்துக்கொண்டார் கதவுக்காரர். மனசுக்கு இதமாக இருந்தது.

மாமியாருக்குக் காது மந்தம். தனக்குக் கேட்கிற அளவுக்குப் பேசுவார், அது தெருக்கோடிக்குக் கேட்கும். “மாப்ள! இனிமே இன்னும் சத்தமாப் பாடணுமா?” என்றார்.

“பாடுங்க அத்தை!”

அடுத்த ஞாயிறு அவர் கதவை முதுகில் கட்டிக்கொண்டு கிளினிக்குக்கு நடந்தார். நாய்கள் குரைத்தன. ஒரு பெரியவர், “வீடு மாத்தறீங்களா? மத்த சாமானெல்லாம் எங்க?” என்று கேட்டார். கதவுக்காரர் பதிலே சொல்லவில்லை. யாருக்கும் பதில் சொல்லாமல் நடப்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

டாக்டர் கதவைச் சுற்றி வந்தார். பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல அங்கங்கே தட்டினார்.

“சுமக்க முடியும், ஒத்துக்கறேன். ஆனா அடியில உப்பிப் போயிருக்கே சார். ஒரு கோடாலி விழுந்தா பிளந்துக்கும். இது கேடயம்னா, ஊறின ரொட்டியும் கேடயம்தான்.”

டீச்சரம்மா களுக்கென்று சிரித்துவிட்டார். கதவுக்காரருக்குக் காது சிவந்தது.

வாரம் பூராவும் ஆபீஸ் விட்டு வந்ததும் இழைப்புளியும் கையுமாக உட்கார்ந்தார். அவருக்குத் தச்சு வேலை தெரியாது. இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகப் போனது. அதைச் சமன் செய்ய வலது பக்கம் இழைத்தார். அது இன்னும் அதிகமாகப் போனது. சோபாவில் மரத்தூள், டீயில் மரத்தூள், மாமியாரின் மூக்குக்கண்ணாடியில் மரத்தூள். கதவு கூடத்தில் குறுக்கே கிடந்ததால் எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டியே நடந்தார்கள். மனைவி இருமினாளே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“உப்பல் போச்சு, சரி” என்றார் டாக்டர் மறு ஞாயிறு. “ஆனா இப்ப அடியில நாலு விரல் இடைவெளி விழும் போலிருக்கே. டிராகன் நெருப்பு அது வழியா உள்ள வந்து காலைச் சுட்டுராதா?”

“தகடு அடிச்சுட்டு வரேன்!”

“அடிங்க. இன்னொண்ணு. அந்தக் கீல் ஆடும்போது கீச்சு கீச்சுங்குது. குகைக்குள்ள பதுங்கிப் போறப்ப உங்களால எங்க எல்லாருக்கும் சாவு.”

மருந்துக்கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்: “விட்டுருங்களேன் சார். வாள் மலிவு.”

“வாள் பேச்சை எடுத்தா எனக்குக் கெட்ட கோபம் வரும்!”

தகடு அடித்தார். ஒரு ஆணி தரையில் பாய்ந்து டைல் விரிசல் விட்டது. அந்த விரிசலை மறைக்கக் கதவை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்து மேசை விளக்கு போயிற்று. புதுக் கீல் வாங்கினார். மாமியார் தினமும் போர்வைக்குப் பின்னால் உச்சஸ்தாயியில் தாலாட்டுப் பாட, மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, “குழந்தை எப்ப பொறந்துச்சு?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த ஞாயிறு தாழ்ப்பாள் பிரச்சினை வந்தது.

“பின்னால ஒளிஞ்சுக்குவேன்னு சொல்றீங்க. தாழ்ப்பாள் விழலைன்னா டிராகன் மூக்கால ஒரு தள்ளு தள்ளினா திறந்துக்கும். அப்புறம் இந்த நிறம். அழுக்குப் பழுப்பு. குகைக்குள்ள பளிச்சுன்னு தெரியும். வெளிர் நீலமா இருந்தாலாவது, ஏதோ ஓட்டை வழியா வானம் தெரியுதுன்னு டிராகன் விட்டுரும்.”

“நீலம்தானே? வீட்லயே ஒரு டப்பா இருக்கு!” என்று மேசையைக் குத்தினார் கதவுக்காரர்.

புதுத் தாழ்ப்பாள் மாட்டிப் பெயின்ட் அடித்த கதவு சாப்பாட்டு மேசைமேல் காய்ந்தது. இரண்டு நாள் மூவரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். மனைவி மட்டும் தட்டை ஏந்தியபடி அந்த நீலத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிராகன் ஞாயிறுக்கு முந்தின நாள் மேனேஜர் கவுன்ட்டருக்கு வந்தார்.

“நாளைக்கு வரணும். புகார் குவிஞ்சு கிடக்கு.”

கதவுக்காரரின் கழுத்து பழக்கத்தில் குனியப் போனது. பாதியில் நின்றது. முதுகில் கதவு இருப்பதுபோல ஒரு கனம், குனிந்தால் சரிந்துவிடும்.

“வர முடியாது சார்.”

“என்னது?”

“ஆறு நாளும் வரேன். நாளைக்கு வர மாட்டேன். கதவு வேலை இருக்கு.”

மேனேஜர் “சரி, வேற ஆளைப் பார்க்கறேன்” என்று போயே விட்டார். கதவுக்காரர் நிமிர்ந்தபடியே அடுத்த புகார்க்காரரைக் கூப்பிட்டார்.

ஞாயிறு வந்தது, டிராகனும் வந்தது.

டாக்டர் குரலைத் தாழ்த்திக் கதை சொன்னார். முதல் மூச்சில் மருந்துக்கடைக்காரரின் வில் எரிந்தது. டீச்சரம்மாவின் நெருப்பு மந்திரத்தை டிராகன் காற்று வாங்குவதுபோல வாங்கிக்கொண்டது. எல்லோரும் கதவுக்காரருக்குப் பின்னால் ஒடுங்கினார்கள்.

“கதவைக் குகை வாயில நிறுத்தறேன். தாழ்ப்பாள் போடறேன்” என்றார் அவர்.

“இருபது முகப் பகடையைப் போடுங்க. பதினைஞ்சுக்கு மேல விழணும்.”

பகடை உருண்டது. மேசை விளிம்பு வரை போய்த் தயங்கி நின்றது. மூன்று.

“மன்னிக்கணும் சார்” என்றார் டாக்டர். “சாம்பல்.”

அந்த ‘மன்னிக்கணும்’ என்ற வார்த்தையை மட்டும் அவர் சொல்லியிருக்கக் கூடாது. நம்மவர் வாழ்நாளெல்லாம் அடுத்தவருக்குச் சொல்லி வந்த வார்த்தை அது. விருட்டென்று எழுந்து, சுவரில் சாய்த்திருந்த நிஜக் கதவைத் தூக்கித் தன் முன்னால் நிறுத்தினார்.

“யாரைச் சாம்பலாக்குது டிராகன்?”

“உங்களைத்தான்.”

“எப்படி? நெருப்பு கீழ வழியா வரும்னீங்க, தகடு அடிச்சாச்சு. சத்தம் காட்டிக்கொடுக்கும்னீங்க, இந்தா, ஆட்டிப் பாருங்க, மூச்சுவிடுதா? தள்ளினா திறக்கும்னீங்க, தாழ்ப்பாள் விழுது. நீலமா இருந்தா வானம்னு நினைக்கும்னு சொன்னது நீங்க, நானில்லை! வானத்தைப் பார்த்து எந்த டிராகனாவது நெருப்பு கக்குமா? இங்க ஆள் இருக்குன்னே அதுக்குத் தெரியாதே! அப்புறம் எதுக்குப் பகடை?”

டாக்டர் புத்தகத்தைப் புரட்டினார். முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினார். கடைசியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“டிராகன் திரும்பிப் படுத்துக்குச்சு” என்றார். “கதவு கேடயம்தான்.”

டீச்சரம்மா விசிலடித்தார். மருந்துக்கடைக்காரர் கதவையே கட்டிக்கொண்டார்.

வீடு திரும்பும்போது கதவு கனக்கவே இல்லை. வந்த வேகத்தில் போர்வையை உருவி எறிந்துவிட்டுக் கதவை நிலையில் மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது. மனைவி கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்ச் சாத்தினாள். தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழுந்தது. வாளிச் சத்தம் இல்லை, பாட்டு இல்லை. ஒரு வருஷத்தில் முதல் முறையாக அந்த வீட்டில் ஒருவர் சத்தமில்லாமல் குளித்தார்.

கதவுக்காரர் அதன் முன்னால் மார்பில் கைகட்டி நின்றார்.

“கேட்டுக்க!” என்று மூடிய கதவைப் பார்த்துச் சொன்னார். “டாக்டர் சொல்லியும் நான் வளையல. மேனேஜர் சொல்லியும் வளையல. இனிமே என்னை யாரும், எதையும் செய்ய வைக்க முடியாது!”

கூடத்தில் மனைவியின் கைப்பேசி அடித்தது. மாமியார் எடுத்துக் காதில் வைத்தார், தலையாட்டினார், பிறகு குளியலறையைப் பார்த்துத் தெருவே கேட்கும்படி கூவினார்:

“அம்மாடி, பல் டாக்டர் பேசறாரு! கதவு நல்லா சாத்திக்குதான்னு கேக்கறாரு! அடுத்த மாசம் அந்த ஒழுகுற சமையலறைக் குழாய்க்கு என்ன விதி போடணுமாம்?”