மாலை போட்ட மேக்னட்

எங்கள் பக்கத்தில் ஒரு போட்டோவைக் கையில் கொடுத்தால், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டத்தில் மாலை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இருந்தால் குரல் தானாக இறங்கிவிடும். "எப்போ?" என்பார்கள். அம்பத்தூரை ஒட்டிய எங்கள் கள்ளிக்குப்பத்தில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும், பெண் பார்க்கப் போவதற்கு முன்னால், பெண்ணின் அப்பா படத்துக்கு நானே கம்ப்யூட்டரில் பூப்பூவாக வைத்து மாலை கட்டினேன்.

அப்போது எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. மிச்ச நேரத்தில் ஃப்ரிட்ஜில் ஒட்டும் மேக்னட் அச்சடிப்பேன். சென்னைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கலங்கரை விளக்கத்தையே வாங்கிக்கொண்டு போகிறார்களே, அம்பத்தூர் என்ன பாவம் செய்தது என்று எனக்கு ஒரு வருத்தம். (அம்பத்தூர் வேண்டும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அது வேறு விஷயம்.) ஏரி, ஆவடி ராணுவ டாங்க், அந்தக் காலத்துப் பூப்பந்து ஆட்டக்காரர்கள் என்று ஒரு வரிசை ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் குமணன்சாவடியிலிருந்து ஸ்டெல்லாவின் வரன் வந்தது. போட்டோவிலேயே நான் விழுந்துவிட்டேன். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால், சாமியாராகப் போகலாம் என்றாலும் செமினரியில்கூட வயதாகிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெண்ணின் அப்பா ஆரோக்கியசாமி பழைய கள்ளிக்குப்பம் பூப்பந்து டீமின் கேப்டன் என்று தெரிந்ததும், கர்த்தரே வழி காட்டுகிறார் என்று நினைத்தேன்.

என் அப்பாவின் ஆல்பத்தில் அவர் மட்டையோடு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. வீரருக்கு வெற்றி மாலை போடலாம் என்று பார்த்தால், கழுத்தில் சரியாக உட்காரவில்லை. சுற்றிலும் பார்டராகப் போட்டேன். மேலே 'மறக்க முடியாத ஆட்டக்காரர்'. கீழே அவர் பெயர், ஆட ஆரம்பித்த வருஷம், ஒரு கோடு, ஆட்டத்தை நிறுத்திய வருஷம். ஐம்பது அடித்து, அதில் பத்தை ஆவடியில் மட்டைக்கு நரம்பு கட்டும் கடையில் விற்பனைக்கு வைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து பெண் பார்க்கப் போனோம். எங்களுக்காக வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாலும், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். "அவரு டிரஸ் மாத்திகினு கீறாரு, இதோ வந்துருவாரு" என்றார் ஸ்டெல்லாவின் அம்மா. மேக்னட் பெட்டியை நீட்டினேன். அவர் ஒன்றை எடுத்தார். பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

என் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு என் தொடையைக் கிள்ளினார். "இன்னாடா பண்ணி வச்சிகீற? கண்ணீர் அஞ்சலியா?"

அப்போதுதான் என் கண்ணுக்கே அது தெரிந்தது. மாலை. பெயர். வருஷம், கோடு, வருஷம். பெட்டியை டீப்பாயில் வைத்து மூடப் போனேன்.

வாசலில் ஆட்டோ நின்றது. ஆள் உயர ரோஜா மாலையோடு ஒரு பெரியவர் இறங்கினார். வெளியே நாற்காலி, குவிந்த செருப்பு, உள்ளே தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் நாங்கள். அவருக்கு வேறெந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை. நேராக வந்து டீப்பாயின் மேல் மாலையை வைத்தார். மேக்னட் பெட்டி அதற்கடியில் மறைந்தே போனது.

"ஆரோக்கியம், நான் ஆவடி தணிகாசலம் வந்துகீறேன்" என்று மாலையைப் பார்த்து அழ ஆரம்பித்தார். "மட்டைக் கடைல உன் படத்தப் பாத்தேன். நெஞ்சே வெடிச்சிருச்சி. ஃபைனல்ல நீ அடிச்ச கடைசி பந்து கோட்டு மேலதான்டா உயுந்துச்சி. எதிர் டீம்ல நின்ன நான்தான் வாய் கூசாம அவுட்டுன்னு சொல்லிட்டேன். முப்பது வருசமா உன் மூஞ்சில முழிக்கல. என்னிய மன்னிச்சிரு."

உள்ளறைக் கதவு திறந்தது. பாதி பெல்ட்டோடு ஆரோக்கியசாமி வந்து நின்றார்.

"இன்னா சொன்னே? இன்னொரு தபா சொல்லு."

தணிகாசலம் அப்படியே சுவரில் சாய்ந்தார். பிறகு கிட்டே வந்து ஆரோக்கியசாமியைத் தொட்டார். கிள்ளினார். ஆரோக்கியசாமி "ஆ" என்றதும், கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"நீ போய்ட்டேன்னு நெனச்சி சொன்னேன். உசுரோட கீற வரிக்கும் அது அவுட்டுதான்."

"மாலைய வச்சிகினு சொன்னல்ல?"

"மாலைய எடுத்துக்கறேன்" என்று எடுத்துக்கொண்டார்.

மாலை விலகியதும் பெட்டி வெளியே வந்தது. ஆரோக்கியசாமி ஒரு மேக்னட்டை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "இத்த யாரு செஞ்சது?"

ஓடுவதற்குச் செருப்பு எங்கே என்று பார்த்துக்கொண்டே, "நான்தாங்க" என்றேன்.

"முப்பது வருசம் நான் கெஞ்சி வராத வார்த்தைய, ஒரே மாலைல இவன் வாய்லேர்ந்து புடுங்கிட்டியே தம்பி" என்றார். சமையலறைப் பக்கமிருந்து அடக்க முடியாத சிரிப்பு ஒன்று கேட்டது. ஸ்டெல்லாவை நான் முதலில் கேட்டேன், பிறகுதான் பார்த்தேன். காபி டம்ளரை நீட்டியபோதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த மேக்னட் இன்றும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் கேஸ் ரசீதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். ஞாயிறு காலையில் பூசைக்குக் கிளம்பும்போது போன் அடிக்கும். எடுத்தால் தணிகாசலம்.

"கீறானா?"

"கீறாருங்க."

"அப்போ அவுட்டு" என்று வைத்துவிடுவார்.